சரணம் என்னும் சொல்லும் யுத்தத்தின் முடிவும்

உத்ஸவ காலத்தில் திருக்கோயிலுக்கு எழுந்தருளும் பாகவதர்கள் நாவாரச் சொல்லும் சொற்களுள் தலையாயது 'சரணம்' என்பது. கொடிமரத்தடியில் தண்டனிடும்போதும், திருவீதிகளில் புறப்பாடு சேவிக்கும்போதும், தீர்த்தம் பெற்றுக் கைகூப்பும்போதும் இச்சொல் நம்மை அறியாமலே நாவில் வந்து நிற்கிறது. இதே சொல்லைச் சரித்திர நூல்கள் வேறோர் இடத்தில் வழங்குகின்றன. பகைவர் சரணடைந்தனர், யுத்தம் முடிந்தது என்று அவை எழுதுகின்றன. ஸந்நிதியில் நிற்கும் அடியவனும், தோற்ற படையின் தலைவனும் ஒரே சொல்லின் கீழ் வந்து நிற்பது சிந்தனைக்கு உரியதன்றோ?

ஒரு பெரும் யுத்தம் சரணாகதியால் முடிவுறுகிறது என்றால், அம்முடிவைச் செய்பவர் யாவர்? ஆயுதத்தைக் கீழே வைத்தவரா? அல்லது வைத்தவரை ஏற்றுக்கொண்டவரா? இவ்வினாவை இதிஹாஸங்களைத் துணைகொண்டும், அண்மைக் காலத்தில் உலகம் கண்ட மிகப் பெரிய சரணாகதி ஒன்றைக் கண்முன் நிறுத்தியும் சிறிது ஆராய விரும்புகிறேன்.

முதலில் மஹாபாரதத்தைக் காண்போம். கர்ணன் வீழ்ந்தபின் க்ருபாசாரியர் துரியோதனனை அணுகி, இனியேனும் பாண்டவரோடு ஸந்தி செய்துகொள் என்று ஹிதம் உரைத்தார். அவர் கூறியது நன்மை என்பதைத் துரியோதனன் மறுக்கவில்லை. ஆயினும் அவன் மனம் அதற்கு இசையவில்லை. சூதில் வஞ்சித்தேன், திரௌபதியைச் சபையில் இழிவுபடுத்தினேன், தூது வந்த கண்ணனை அவமதித்தேன். இவ்வளவும் செய்த என்னை அவர்கள் எவ்வாறு நம்புவர்? அரசர்கள் பலர் வணங்க வாழ்ந்த நான் அவர்கள் தயவில் எவ்வாறு வாழ்வேன்? இதுவே அவன் விடையின் கருத்து. அதற்குப் பின்னும் யுத்தம் நடந்தது. பதினெட்டு அக்ஷௌஹிணி சேனைகள் கூடிய களத்தில், அசுவத்தாமன் நடத்திய இரவுக் கொலையும் முடிந்தபின், ஒரு புறம் எழுவரும் மறுபுறம் மூவருமே எஞ்சினர் என்று வியாஸ பகவான் கணக்கிடுகிறார். சரணாகதியின்றி முடிந்த யுத்தத்தின் விலை அது.

துரியோதனனுடைய விடையை ஊன்றிக் கவனித்தால் இரண்டு தடைகள் புலப்படும். தன்னைத் தாழ்த்திக்கொள்ள மாட்டாத அஹங்காரம் ஒன்று. எதிரி என்னை என் செய்வானோ என்னும் அச்சம் மற்றொன்று. முதல் தடையைத் தோற்றவன் தானே நீக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது தடையை நீக்கும் ஆற்றல் வென்றவன் கையில் இருக்கிறது. இவ்விரண்டும் நீங்கினாலன்றிச் சரணாகதி நிகழாது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு ஜப்பான் தேசத்தின் கதைக்கு வருவோம்.

1945ஆம் ஆண்டு கோடையில் இரண்டாம் உலக யுத்தம் ஐரோப்பாவில் முடிந்துவிட்டது. ஜெர்மனி மே மாதத்திலேயே பணிந்தது. ஜப்பான் மட்டும் தனித்து நின்றது. அதன் கப்பற்படை பெரும்பாலும் அழிந்திருந்தது. நகரங்கள் பல விமானத் தாக்குதலில் எரிந்து கிடந்தன. ஆயினும் அந்நாட்டுப் படைவீரருக்கு 1941ஆம் ஆண்டு வழங்கப்பட்ட ஒழுக்க நூல், கைதியாகும் அவமானத்தோடு உயிர் வாழலாகாது என்று போதித்தது. பணிதல் என்பதே அவர்கள் கற்ற தர்மத்தில் இல்லை.

ஜூலை 26ஆம் தேதி அமெரிக்கா, பிரிட்டன், சீனா ஆகிய மூன்று அரசுகளும் ஜெர்மனியிலுள்ள பாட்ஸ்டாம் நகரிலிருந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஜப்பானியப் படைகள் நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும், இல்லையேல் முற்றான நாசமே நேரும் என்றது அவ்வறிக்கை. அதில் சில அபய வார்த்தைகளும் இருந்தன. ஆயுதம் களைந்த வீரர் தத்தம் இல்லம் திரும்பலாம், ஜப்பானிய மக்கள் அடிமையாக்கப்பட மாட்டார்கள், அமைதியான அரசு அமைந்தபின் அந்நியப் படை வெளியேறும் என்று கூறப்பட்டது. ஆனால் ஜப்பானியர் எதனை உயிரினும் மேலாகக் கருதினரோ, அந்தச் சக்கரவர்த்தியின் நிலை யாதாகும் என்பதைப் பற்றி அவ்வறிக்கை ஒரு சொல்லும் கூறவில்லை. அமெரிக்க யுத்த மந்திரி ஸ்டிம்ஸன் முன்னிலையில் தயாரான வரைவில், இப்போதைய அரச வம்சமே தொடரலாம் என்னும் குறிப்பு இருந்தது. வெளியிடுமுன் அது நீக்கப்பட்டது.

ஜப்பானியப் பிரதமர் ஸுஸுகி அதனைப் பொருட்படுத்தப் போவதில்லை என்னும் பொருள்பட விடையிறுத்தார். ஆகஸ்டு 6ஆம் தேதி காலை ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு வீழ்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் மாண்டோர் சுமார் 1,40,000 பேர். 8ஆம் தேதி ஸோவியத் ரஷ்யா யுத்தப் பிரகடனம் செய்து, மறுநாள் மஞ்சூரியாவில் புகுந்தது. அதே 9ஆம் தேதி நாகஸாகியின்மீது இரண்டாவது குண்டு வீழ்ந்தது. அங்கே ஆண்டிறுதிக்குள் மடிந்தோர் சுமார் 70,000 பேர்.

இவ்வளவுக்குப் பிறகும் டோக்கியோவில் கூடிய அறுவர் கொண்ட யுத்த சபை ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பிரதமர் ஸுஸுகி, வெளிநாட்டு மந்திரி டோகோ, கடற்படை மந்திரி யோனாய் ஆகிய மூவரும், சக்கரவர்த்தியின் பீடம் நிலைக்குமாயின் பணியலாம் என்றனர். தரைப்படை மந்திரி அனாமி, தரைப்படைத் தலைவர் உமேஸு, கடற்படைத் தலைவர் டொயோடா ஆகிய மூவரும் அதனோடு மேலும் மூன்று நிபந்தனைகளை வேண்டினர். ஆயுதங்களை நாங்களே களைவோம், குற்றவாளிகளை நாங்களே விசாரிப்போம், அந்நியப் படை நம் மண்ணில் தங்கலாகாது என்பவை அவை. நாகஸாகிச் செய்தி வந்தபின்னும் இந்த மூன்றுக்கு மூன்று என்னும் நிலை மாறவில்லை.

அன்று நள்ளிரவை ஒட்டி அரண்மனையின் நிலவறையில் மீண்டும் சபை கூடியது. பின்னிரவில் பிரதமர் எழுந்து, வழக்கத்துக்கு மாறாகச் சக்கரவர்த்தியின் திருவுள்ளத்தையே வினவினார். ஹிரோஹிதோ சக்கரவர்த்தி ஒரே நிபந்தனையோடு பணிவதே தகும் என்றார். தம் அரசுரிமைக்குப் பங்கம் இராது என்னும் கருத்தோடு ஏற்கிறோம் என்ற செய்தி 10ஆம் தேதி நடுநிலை நாடுகளின் வழியே அனுப்பப்பட்டது. அமெரிக்காவின் விடை வந்தது: சக்கரவர்த்தியின் அதிகாரம் நேசப்படைத் தலைவருக்கு உட்பட்டதாக இருக்கும், நாட்டின் ஆட்சிமுறையை மக்களே பின்னர்த் தீர்மானிப்பர். இதில் ஆம் என்பதும் இல்லை, இல்லை என்பதும் இல்லை. அதன் பொருளை ஆராய்வதிலேயே மேலும் இரண்டு நாட்கள் கழிந்தன. 14ஆம் தேதி காலை சக்கரவர்த்தி இரண்டாம் முறை தலையிட்டு, அவ்விடையை அப்படியே ஏற்கச் செய்தார்.

அன்றிரவு அவர் தம் குரலில் பணிவுச் செய்தியை இசைத்தட்டில் பதிவு செய்தார். அதனைக் கைப்பற்றி அழிக்க எண்ணிய இளம் அதிகாரிகள் சிலர் அரண்மனைக் காவற்படைத் தளபதியைக் கொன்று, அரண்மனைக்குள் இரவெல்லாம் தேடினர். தட்டு அகப்படவில்லை. விடியற்காலையில் அனாமி தம் வயிற்றைக் கிழித்து மாண்டார். கிளர்ச்சி அடங்கியது. அதே இரவில் குமாகாயா என்னும் நகரம் அமெரிக்க விமானங்களின் குண்டுகளால் எரிந்துகொண்டிருந்தது. பணிவதென்று தீர்மானித்த பின்னரும், அச்சொல் பகைவர் செவியை அடைந்து செயலாகும் வரை மனிதர் இறந்துகொண்டே இருந்தனர்.

ஆகஸ்டு 15ஆம் தேதி நண்பகலில் வானொலி வழியே அச்செய்தி ஒலித்தது. தம் அரசரின் குரலை மக்கள் கேட்டது அதுவே முதன்முறை. பழைய அரசவை மொழியில் அமைந்த அவ்வுரை பலருக்கு விளங்கவில்லை. வானொலியார் பின்னர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இதனினும் வியப்பு ஒன்று உண்டு. சரணடைகிறோம் என்னும் சொல் அவ்வுரையில் எங்கும் இல்லை. நாவுக்கு அவ்வளவு கடினமான சொல் அது.

இப்போது நம் சாஸ்த்ரத்தின் அளவுகோலைக் கையில் எடுப்போம். ப்ரபத்தியின் அங்கங்களைக் கூறுமிடத்து மஹாவிச்வாஸம் என்பதைப் பெரியோர் ஒன்றாக வைத்தனர். எம்பெருமான் என்னைக் காத்தே தீருவான் என்னும் அசையாத உறுதியே அது. நிபந்தனை ஏதுமின்றி நாம் திருவடியில் விழ இயலுவதன் காரணம், ஏற்பவனுடைய ஸ்வபாவம் நமக்கு ஐயமின்றித் தெரிந்திருப்பதே. கருணையே வடிவானவனிடம் பத்திரம் எழுதி வாங்க வேண்டுவதில்லை.

ஆனால் மனிதன் மனிதனிடம் பணியும்போது அந்த விச்வாஸம் எங்கிருந்து வரும்? நேற்று வரை தன் நகரங்களை எரித்தவனிடம், நேற்று வரை தான் அவன் மக்களைக் கொன்றிருக்க, நிபந்தனையின்றி எவ்வாறு விழுவான்? ஆகவேதான் நிபந்தனை கேட்கிறான். நிபந்தனையற்ற சரணாகதியைக் கேட்பவர், கடவுளுக்கு மட்டுமே உரிய நம்பிக்கையைத் தமக்குத் தரும்படி கேட்கிறார். அதனைக் கேட்க உரிமை வேண்டுமாயின், முதலில் அபயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அடியேனுடைய எளிய கருத்து.

பின்னர் நடந்தது என்ன? ஹிரோஹிதோவின் பீடம் நீக்கப்படவில்லை. 1946ஆம் ஆண்டின் முதல் நாளன்று அவர் தம்மைத் தெய்வமெனக் கொள்ளும் கொள்கையை மறுத்து அறிக்கை விடுத்தார். 1947இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சட்டம் அவரை நாட்டின் சின்னமாக வைத்தது. 1989இல் காலமாகும் வரை அவர் சக்கரவர்த்தியாகவே இருந்தார். ஆகவே, முன்னே எழுதி நீக்கப்பட்ட அபயம் பின்னே செயலில் கொடுக்கப்பட்டது. ஜூலையிலேயே அதனைச் சொல்லியிருந்தால் யுத்தம் அன்றே நின்றிருக்கும் என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. அனாமி முதலானோரின் பிடிவாதம் அத்தகையது. தம் மக்கள் எரிவதைக் கண்டும் மேலும் மூன்று நிபந்தனைகளைப் பற்றி நின்ற பழி அவர்களுடையதே. சீனத்திலும் மற்ற கீழ்த்திசை நாடுகளிலும் அவர்கள் படையால் நாள்தோறும் மாண்டோரின் பழியும் அவர்களைச் சாரும். எனினும், கொடுக்கப்போகும் அபயத்தைச் சொல்லாமல் வைத்திருப்பது தர்மமாகுமா என்னும் வினா மற்றவர்மீது நிற்கத்தான் செய்கிறது.

ஸ்ரீமத் ராமாயணத்தில் விபீஷணாழ்வான் நால்வரோடு வந்து ஆகாயத்தில் நின்றபோது, ஸுக்ரீவ மஹாராஜர் முதலானோர் அவனை ஐயுற்றனர். பகைவனின் தம்பி, இரவில் உலவும் அரக்கன், ஒற்றனாகவும் இருக்கலாம் என்றனர். யுத்த நீதியின்படி அந்த ஐயம் பிழையன்று. பெருமாளோ, தன்னை அண்டிய வேடனுக்குத் தன் உடலையே உணவாக அளித்த புறாவின் கதையை நினைவூட்டினார். அடைக்கலம் என்று வந்தவனைக் காவாது விடுதல் பெரும் பாவம் என்றார். வந்தவன் இராவணனே ஆயினும் அபயம் உண்டு என்று அருளினார். அத்தோடு நில்லாமல், இலங்கை இன்னும் வெல்லப்படாத அப்போதே, இலக்குவனைக் கொண்டு கடல்நீர் வருவித்து விபீஷணனுக்கு முடிசூட்டினார். சொல்லிய அபயத்தை அந்த இடத்திலேயே செயலாக்கிக் காட்டியதில்தான் ஏற்பவனுடைய தர்மம் முழுமை பெறுகிறது.

அந்த தர்மம் தவறிய இடங்களைச் சரித்திரம் நிறையக் காட்டுகிறது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரில் தளபதி பெர்ஸிவல் ஜப்பானியரிடம் பணிந்தார். அவரோடு ஆயுதம் வைத்த பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலிய வீரர் சுமார் 80,000 பேர். பணிந்தவரைக் காக்கும் கடமையை ஜப்பானியர் ஏற்கவில்லை. கைதிகளுள் பல்லாயிரவர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடக் காட்டுக்குள் அனுப்பப்பட்டனர். நேசநாட்டுக் கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரும் அப்பாதையோரம் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அவர்கள் எவரோடும் யுத்தம் செய்தவர்கள் அல்லர்.

ஜப்பானியர் பணிந்தபோது அதே தவறு அவர்கள்மீதும் திரும்பியது. ஆயுதம் வைத்தவர் இல்லம் திரும்பலாம் என்று பாட்ஸ்டாம் அறிக்கை கூறியிருந்தது. ரஷ்யாவும் அதில் பின்னர் சேர்ந்துகொண்டது. ஆயினும் மஞ்சூரியா முதலிய இடங்களில் பணிந்த சுமார் 6 லட்சம் ஜப்பானியரை அது ஸைபீரியாவுக்குக் கொண்டு சென்று வேலை வாங்கியது. குளிரிலும் பட்டினியிலும் 50,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடைசியாகச் சிலர் ஊர் திரும்பியபோது ஆண்டு 1956. அவர்களுக்கு யுத்தம் 1945இல் முடிந்ததென்று எவ்வாறு சொல்வது?

முதல் உலக யுத்தத்தின் முடிவும் ஒரு பாடம். 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி பிரான்ஸில் கொம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள் ஜெர்மானியர் போர்நிறுத்தத்தில் கையொப்பமிட்டனர். அதன் பின்னும் 1919 ஜூலை வரை அந்நாட்டின்மீது கடல்முற்றுகை நீடித்தது. வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையால் ஏற்பட்ட மனக்கசப்பை ஹிட்லர் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொண்டான். 1940ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி பிரெஞ்சுக்காரரைப் பணிய வைத்தபோது, காட்சிச் சாலையிலிருந்த அதே பெட்டியை அதே இடத்துக்குக் கொண்டுவரச் செய்து கையொப்பம் வாங்கினான். இடையில் கழிந்தவை இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அவமதித்து ஏற்ற சரணாகதி, யுத்தத்தை உறங்க வைக்கிறதேயன்றி முடிப்பதில்லை.

1945ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி டோக்கியோ விரிகுடாவில் மிஸௌரி என்னும் போர்க்கப்பலின் தளத்தில் ஜப்பானியர் கையொப்பமிட்டனர். அரசின் சார்பில் வந்த மந்திரி ஷிகெமிட்ஸு முன்னொரு குண்டுவீச்சில் ஒரு காலை இழந்தவர். மரக்காலோடு வருந்தி ஏறி வந்தார். படையின் சார்பில் ஒப்பமிட்டவர், மூன்று நிபந்தனை வேண்டி நின்ற அந்த உமேஸுவே. சிங்கப்பூரில் பணிந்த பெர்ஸிவல், மெலிந்த உடலோடு நேசப்படைத் தலைவர் மக்ஆர்தரின் பின்னால் நின்றார். ஆயினும் அன்று மக்ஆர்தர் வெற்றிச் செருக்கோடு பேசவில்லை; நீதியும் பொறுமையும் கொண்ட உலகம் பிறக்கட்டும் என்னும் கருத்தில் சுருங்க உரைத்தார். மறு ஆண்டு ஜப்பானில் பஞ்சம் நெருங்கியபோது வென்ற நாட்டிலிருந்தே தானியம் வந்திறங்கியது. 1952 ஏப்ரலில் அந்நாடு தன்னாட்சி பெற்றது. நம் பாரத தேசம் அதே ஆண்டு ஜூன் 9ஆம் தேதி ஜப்பானோடு தனி ஸமாதான உடன்படிக்கை செய்து, தனக்குரிய நஷ்டஈட்டை வேண்டாமென்று விட்டது. அதன்பின் இந்நாடுகளுக்கிடையே மீண்டும் யுத்தம் எழவில்லை.

அவ்வாறாயின் செய்த கொடுமைக்குத் தண்டனையே வேண்டாவோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. காகாசுரன் கதை இதற்கு விடை தரும். பிராட்டிக்கு அபசாரம் செய்த அவன் மூவுலகும் ஓடிக் காப்பாரின்றிப் பெருமாள் திருவடியிலேயே விழுந்தான். உயிர் பிழைத்தான். ஆனால் ஒரு கண்ணை இழந்தான். அபயம் என்பது உயிருக்கு. செய்த பிழைக்கு விசாரணை தனியே உண்டு. டோக்கியோவில் 1946 முதல் 1948 வரை நடந்த விசாரணையில் எழுவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கு அமர்ந்த நம் நாட்டு நீதிபதி ராதாபினோத் பால் மட்டும், வென்றவர் தோற்றவரை மட்டும் விசாரிக்கும் அம்மன்றத்தின் நியாயத்தை மறுத்து, அனைவரும் குற்றமற்றவர் என்று தனித் தீர்ப்பு எழுதினார். ஜப்பானியர் செய்த கொடுமைகள் நிகழவில்லை என்று அவர் கூறவில்லை. தண்டிக்கும் கை தூய்மையாக இருக்க வேண்டும் என்பதே அவர் எழுப்பிய வினாவின் உட்பொருள்.

இறுதியாக ஒன்று. சரணாகதி ஒப்பமான பின்னும் ஹிரூ ஓனோடா என்னும் ஜப்பானிய அதிகாரி பிலிப்பைன்ஸ் நாட்டின் லுபாங் தீவில் காட்டுக்குள் போரிட்டுக்கொண்டே இருந்தார். யுத்தம் முடிந்ததென்று வீசப்பட்ட துண்டுக் காகிதங்களைப் பகைவரின் வஞ்சனை என்று எண்ணினார். உடனிருந்தோர் மாண்டனர். தீவு மக்கள் சிலரும் அவர்கள் கையால் மாண்டனர். 1974ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவருடைய பழைய மேலதிகாரியே நேரில் சென்று கட்டளையைப் படித்த பிறகுதான் அவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார். இருபத்தொன்பது ஆண்டுகள்! உலகில் யுத்தம் முடிந்தது. அவர் உள்ளத்தில் முடியவில்லை. நம்பத் தகுந்த ஒருவர் வாயிலிருந்து சொல் வந்தபோதே முடிந்தது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இப்போது தெளிவாகிறது. யுத்தத்தை நிறுத்துபவன் ஆயுதத்தைக் கீழே வைத்தவன். அதனை முடித்து வைப்பவன், பணிந்தவனைக் காப்பவன். பணிபவனுக்கு அஹங்காரத்தை விடும் தைரியம் வேண்டும். ஏற்பவனுக்குச் சொன்ன சொல்லைக் காக்கும் தைரியம் வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும், மையால் எழுதிய ஒப்பம் மீண்டும் இரத்தத்தால் அழிகிறது.

உத்ஸவம் ஸேவிக்க வந்த அன்பர்கள் எவரும் போர்க்களம் செல்லப் போவதில்லை. ஆயினும் பங்காளிப் பகையும், வரப்புத் தகராறும், ஆண்டுக்கணக்கில் பேச்சற்ற சகோதரரும் இல்லாத ஊர் உண்டோ? ஒருவர் இறங்கி வந்து வாசலில் நிற்கும்போது, உள்ளே இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதில்தான் அப்பகையின் ஆயுள் இருக்கிறது. பெருமாள் திருமுன்பு நாம் நாள்தோறும் வந்து நிற்பவர்கள். அவன் வாசலை அடைத்ததில்லை. நம் வாசலுக்கு ஒருவர் வந்து நிற்கும் நாளில், அவர் வாய் திறக்குமுன் நாம் எழுந்து கதவைத் திறப்போமாக.

சுபம்.